கிள்ளுக்காரியின் இடது கட்டைவிரல்

என் மருமகளுக்கு வீட்டில் ஒரு பெயர், வேலை செய்கிற இடத்தில் ஒரு பெயர். அங்கே வரும் தாய்மார்கள் அவளைக் கிள்ளுக்காரி என்பார்கள். "கிள்ளுக்காரி அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுப் பெண்ணை எவளோ ஒருத்தி இப்படிச் சொல்வதா என்று சண்டைக்கே எழுந்துவிட்டேன். அவள்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்க அத்தை. கிள்ளறதுதானே என் வேலை?"

அதுதான் வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதன் மாடியில் மூன்று அறைகள். பால் கொடுக்கிற பெண்களின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். பிள்ளை பெற்றவள் உடம்பு பாலுக்காக எதை எடுத்துக் கொடுக்கிறது, சேர்த்து வைத்ததையா, இல்லை தனக்கே வேண்டியதையா என்று தெரிய வேண்டுமாம். தராசு அதைச் சொல்லாது. தராசுக்கு எலும்பும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான், வயிறு முட்டக் குடித்த தண்ணீரும் ஒன்றுதான். மார்பில் கட்டி நிற்கும் பாலைக்கூட உடம்பு என்றே அது சொல்லும். அதனால் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகுதான் அங்கே ஒருத்தியை எடை பார்க்க ஏற்றுவார்கள்.

மருமகள் முன்பு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவள். முன்பின் தெரியாதவர்கள் முகத்தில் கை வைத்து, மூக்கிலும் காதோரத்திலும் உறுத்தாமல் ஃப்ரேமைப் பொருத்திப் பழகிய விரல்கள். அந்தக் கையைப் பார்த்துத்தான் இந்த இடத்தை நடத்துகிற டாக்டரம்மா அவளை இங்கே கூப்பிட்டுக்கொண்டார். அந்தம்மா அடிக்கடி கண்ணாடி உடைக்கிற ஆள்.

கிள்ளுவது என்றால் நாம் பிள்ளைகளைக் கிள்ளுகிற மாதிரி இல்லை. தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுவே, கையின் பின்பக்கத்தில், டேப்பை வைத்துப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். அதற்குச் சற்று மேலே இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடித்துத் தூக்குவாள். தோலோடு கொழுப்பு மட்டும் மேலே வரும், சதை எலும்போடு தங்கிவிடும். தூக்கிய மடிப்பை விடாமல் பிடித்துக்கொண்டே, வலது கையில் இருக்கும் இடுக்கியால் புள்ளியில் கவ்வுவாள். கேலிப்பர் என்று அதற்குப் பெயர். அதில் கடிகாரம் போல ஒரு வட்டம், ஒரு முள். முள் நிலைக்கக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். கையின் முன்பக்கம், பின்பக்கம், முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே என்று நான்கு இடம். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்ப்பாள். பிள்ளை பெற்ற உடம்பில் தோல் தளர்ந்திருக்கும், நீர் கோத்திருக்கும். பிடிபடுவதே பாடு.

சில பெண்களுக்கு மட்டும் இன்னொரு சோதனையும் உண்டு. விசேஷமான தண்ணீர் கொஞ்சம் குடிக்கக் கொடுப்பார்கள். சில நாட்கள் கழித்துத் தாயின் எச்சிலையும் பிள்ளையின் எச்சிலையும் பஞ்சில் ஒற்றி எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள். அது என்னவென்று எனக்குப் புரியும்படி மருமகள் ஒரு நாள் சொன்னாள்.

"தொட்டி எவ்வளவு பெருசுன்னு தெரியலைன்னு வைங்க. ஒரு கரண்டி சாயத்தை அதுல கலக்குங்க. ரொம்ப வெளுத்துப் போச்சுன்னா உள்ள தண்ணி ஜாஸ்தின்னு அர்த்தம். உடம்புல தண்ணி இவ்வளவுன்னு தெரிஞ்சா, தண்ணி தங்காத இடம் எவ்வளவுன்னும் தெரிஞ்சுடும். அதுதான் கொழுப்பு."

"பிள்ளை எச்சில் எதுக்கு?"

"அம்மா குடிச்ச தண்ணி பால் வழியா பிள்ளைக்கும் போகும்ல? எவ்வளவு பால் போகுதுன்னு அதை வெச்சுச் சொல்லிடலாம்."

இதெல்லாம் அவள் எனக்குப் பேத்தியைப் பெற்றுத் தருவதற்கு முன்னால். பிறகு பேறுகாலத்துக்கு லீவு எடுத்தாள். திரும்ப வேலைக்குப் போன நாளிலிருந்து நானும் கூடவே போனேன். பேத்தி புட்டிப் பாலை நாக்கால் தள்ளிவிடுவாள், அவ்வளவு வீம்பு. என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று என் மகன் சொல்வான். அதனால் பிள்ளையும் நானும் அந்த மாடி வராந்தா பெஞ்சிலேயே குடியிருந்தோம். பசி வந்தால் உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சும்மா உட்கார்ந்திருந்தவளை அவள் விடுவாளா. வாரத்தின் முதல் நாள் காலையில், தாய்மார்கள் வருவதற்கு முன்னால், இரும்புக் கட்டை ஒன்றைக் கவ்விப் பார்த்து இடுக்கி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பாள். பிறகு கையைப் பழக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கர்ப்பமாக இருந்த காலத்தில் துணைக்குப் போனபோதே என் கையை அவள் பல தடவை பார்த்ததுண்டு. எனக்கு எண் படிக்கத் தெரியாது, முள் நிற்கும் இடம் தெரியும். கடிகாரத்தில் நாலு மணி இருக்கிற இடத்தில் வந்து நிற்கும். எப்போது பார்த்தாலும் அங்கேதான்.

"உங்களை மாதிரியே உங்க கொழுப்பும் அத்தை. ஒரு இடத்துல உட்கார்ந்தா நகராது" என்பாள்.

அவள் இடது மணிக்கட்டு வலி எனக்கு முன்னமே தெரியும். பிள்ளையைத் தூக்கித் தூக்கி வந்தது. இடது கையை அக்குளுக்குக் கொடுத்து, கட்டைவிரலை விரித்து, நாள் முழுக்கத் தூக்கினால் யாருக்கு வராது? ஜாடி மூடியைத் திறக்க என் மகனைக் கூப்பிடுவாள். துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவாள். தைலம் தேய்த்துவிட்டேன். பிள்ளை கொஞ்சம் பெரியவளானால் தானாகப் போய்விடும் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

அன்றைக்கும் வாரத்தின் முதல் நாள். பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் புள்ளி வைத்தாள், மடித்தாள், கவ்வினாள். முள் மூன்று மணி இடத்துக்குக்கூட வராமல் நின்றுவிட்டது. போன சில வாரங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் வந்தது. எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

"இளைச்சுட்டேன் பாத்தியா" என்றேன். "நீ சமைக்கிற லட்சணத்துக்கு இளைக்காம வேற என்ன செய்வேன்?"

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் கவ்வினாள். முள் அதே இடத்தில் நின்றது.

"அத்தை, சட்டைக் கையை இறக்குங்க."

இழுத்து இழுத்து இறக்கினேன். அந்தச் சட்டைக் கை எப்போதும் என் கையை இறுக்கிப் பிடிக்கும், கழற்றினால் சதையில் கோடு விழுந்திருக்கும்.

"இந்தச் சட்டை எப்போ தச்சது?"

"உன் பிரசவத்துக்கு முன்னாடி. ஏன், புதுசு எடுத்துத் தரப் போறியா?"

சட்டைக் கைக்குள் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.  பிறகு பக்கத்து அறையில் எடை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டாள். அவளும் கிள்ளப் பயிற்சி எடுத்தவள்தான்.

"நீ ஒரு தடவை அத்தைக்குப் பாரேன். நான் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன்."

அவள் பார்த்தாள். முள் பழையபடி நாலில் போய் நின்றது. என் சந்தோஷமும் அதோடு போயிற்று.  மருமகள் இரும்புக் கட்டையை எடுத்து இடுக்கியை இன்னொரு தரம் சோதித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. கட்டைவிரலில் வலு இல்லாததால் அவள் மடிப்பை முழுசாகத் தூக்கவில்லை. நுனித்தோலை மட்டும் தூக்கியிருக்கிறாள். கொழுப்பில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது.

அன்று காலை வந்த பெண்களை எடை பார்க்கிறவளிடமே அனுப்பிவிட்டாள். மத்தியானம் பேத்திக்குப் பால் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன் அத்தை."

"என்னத்தைச் சொல்லுவ? கை வலிக்குதுன்னா? வலிக்காத பிள்ளைக்காரி எவ இருக்கா?"

"நான் லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து பார்த்த அத்தனை பேரும் இருக்கறதைவிட மெலிவா கணக்குல ஏறியிருக்காங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

"இடுக்கியை வாங்கிடுவாங்க. மறுபடி கையில வருமான்னு தெரியாது."

 இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து நடக்கிறாள். கண்ணாடிக் கடையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கூடக் கிடையாது. இங்கே டாக்டரம்மாவே அவள் சொன்ன அளவுக்கு மறு பேச்சுப் பேசுவதில்லை.

"ஒரு மாசம் கட்டுப் போட்டுக்க. வலி போயிடும், அளவும் சரியாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுல சில பேரை நான் மெலிவுன்னு சத்துணவு அறைக்கு அனுப்பியிருக்கேன். வீட்டுல போய் என்ன செஞ்சாங்களோ."

"நல்லாச் சாப்பிடுன்னுதானே சொல்லியிருப்பாங்க? சாப்பிட்டா நல்லதுதானே?"

 நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருக்கிறவள் வீட்டைத்தான் பார்ப்பாள். அவள் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டரம்மாவின் அறைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். உள்ளே பேசியது பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது.

"கொஞ்ச நாளா தண்ணிச் சோதனை ஒரு மாதிரி வருது, உன் அளவு வேற மாதிரி வருது" என்றார் டாக்டரம்மா. "நான் அந்த லேபோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். தண்ணி கலந்ததுலதான் ஏதோ கோளாறுன்னு."

"லேபுல கோளாறு இல்ல மேடம். என் கையிலதான்."

"ரெண்டு தடவையும் ஒரே அளவுதானே வந்துச்சு? அதைப் பார்த்துத்தான் உன்னைச் சந்தேகப்படல."

"தப்பும் ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்திருக்கு."

 

"மறுபடியும் எல்லாரையும் கூப்பிடணும்" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "இடுக்கியை எடை பாக்கறவகிட்டக் குடுத்துடு. நீ பஞ்சு எடுக்கிற இடத்துல இரு. கை சரியானதும் உனக்கு ஒரு பரீட்சை. தேறினாத்தான்."

"கூப்பிடறதுக்கு நானே போறேன் மேடம். என்ன தப்புன்னு நானே சொல்லிடறேன்."

"போன் போட்டாப் போதும்."

"இல்ல மேடம். நான் போறேன்."

மணிக்கட்டில் பட்டை போட்டார்கள். கட்டைவிரல் விறைத்து நின்றது. என் மகன் அதைப் பார்த்து, "யாரைப் பார்த்தாலும் வெற்றி வெற்றின்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றான். அவள் அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள்.

வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு வீடாகப் போனோம். பிள்ளையை நான் தூக்கிக்கொள்வேன், அவள் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பல வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி, "அப்போ நான் குண்டுதானா? சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா" என்று சிரித்தாள்.

அந்தத் தாய்மாரில் தையல்காரி ஒருத்தி அப்படி இல்லை. ஒரு சந்துக்குள் மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, நடக்க வழியில்லாமல் துணி மூட்டை. வெட்டுத்துண்டுகள் நிறைந்த பெரிய கூடையில் அவள் மகன் படுத்திருந்தான். ஜன்னல் விளிம்பில் ஒரு பால்புட்டி.

மருமகள் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தையலைக் கடைசி வரைக்கும் ஓட்டி, நூலை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நான் மெலிஞ்சு போறேன்னு உங்க இடத்துல சொல்லி அனுப்பினாங்க. வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா? பிள்ளை உன்னை உறிஞ்சு குடிக்குதுன்னாங்க. உன் பால்ல என்ன சத்து இருக்கப் போகுதுன்னாங்க. அன்னிக்கு வந்த புட்டி இது."

"நல்லாச் சாப்பிடணும், பாலை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே..."

"சொன்னாங்க. மெலிவுங்கறது மட்டும்தான் வீட்டுல எல்லார் காதுலயும் விழுந்துச்சு." துணியை உதறி மடித்தாள். "உங்க கை வலிக்கு என் பிள்ளை பட்டினியா?"

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "பட்டினின்னு சொல்லாதம்மா, புட்டியில குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கான்" என்று வாயை விட்டேன். தையல்காரி என்னைப் பார்த்த பார்வையில் பேத்தியை இறுக்கிக்கொண்டேன்.

மருமகள், "ஆமா, என் கையாலதான் இப்படி ஆச்சு" என்றாள். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. வலி எப்படி வந்தது என்றுகூடச் சொல்லவில்லை. கூடையில் இருந்த பையன் சிணுங்கினான். தையல்காரி தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் குடித்தான். விழுங்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"இன்னும் வருது" என்றாள் மருமகள் மெதுவாக.

"காலையிலயும் ராத்திரியிலயும் மட்டும். மத்த நேரம் புட்டி. எவ்வளவு வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" பையனை மறு மார்புக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு அவளே கேட்டாள். "அந்தத் தண்ணிச் சோதனை எனக்கு ஏன் பண்ணல?"

"எல்லாருக்கும் பண்றதில்ல."

"எனக்குப் பண்ணச் சொல்லுங்க. என் கொழுப்புக் கணக்கு எனக்கு வேணாம். என் பால் எவ்வளவு போகுதுன்னு மட்டும் தெரியணும். கிள்ளறதுக்கு வேற ஆளைப் போடுங்க."

டாக்டரம்மாவிடம் மருமகள் எப்படிப் பேசினாளோ, சரி என்று சொல்லிவிட்டார். தையல்காரி வந்தாள். எடை பார்க்கிற பெண்தான் அவளைக் கிள்ளினாள். மருமகள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வாயில் பஞ்சு வைப்பதும் ஒரு வித்தைதான். கடித்து விழுங்காமல், அழவிடாமல், கன்னத்தின் ஓரமாக வைத்து ஊற விட வேண்டும். அந்தப் பையனுக்கு அதை அவள் வலது கையாலேயே செய்தாள். ஒவ்வொரு தடவையும் தையல்காரி பையனை நீட்டுவாள், வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

லேபிலிருந்து பதில் வர வாரங்கள் ஆயின. மெலிவு ஒன்றும் இல்லை, அவள் உடம்பில் போதுமான அளவு கொழுப்பு இருந்தது. பாலும் அவள் நினைத்ததைவிட நிறையவே போய்க்கொண்டிருந்தது. புட்டியிலிருந்து போன தண்ணீரும் அதில் தனியாகத் தெரிந்ததாம். மருமகள் அதைக் கொண்டுபோய் அந்தச் சந்தில் சொன்னாள். இந்தத் தடவை நான் படியிலேயே நின்றுகொண்டேன், என் வாய்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

"புட்டியை ஒரேயடியா நிறுத்தாதீங்க. பகல்லயும் அடிக்கடி மார்புல போடுங்க. கேட்கக் கேட்கத்தான் ஊறும்" என்று மருமகள் சொல்வது கேட்டது.

"கடைக்கு ஆள் வர்ற நேரத்துல?"

"மிஷினைத் திருப்பிப் போட்டுக்கங்க. முதுகுதானே தெரியும்."

மிஷினைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் சேர்ந்துதான் இழுத்திருக்க வேண்டும், அவள் ஒருத்தியால் முடியாது. பட்டை போட்ட கையோடு எதற்கு இழுத்தாய் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

கை சரியாக நாளாயிற்று. பட்டை மட்டும் போதாமல் மணிக்கட்டில் ஊசியும் போட்டார்கள். பரீட்சையில் முதல் தடவை அவள் தேறவில்லை. கையில் சரியாக வந்தது, முதுகில் இடறியது. வீட்டுக்கு வந்து நேராகத் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"பாரு. இதுல இல்லாத கொழுப்பா?"

"இடுக்கி இங்க இல்லையே அத்தை."

"விரலாவது பழகட்டும்."

அப்படியே பல நாள் என் முதுகைப் பிடித்துப் பிடித்துச் சிவக்க வைத்தாள். இரண்டாவது தடவை தேறினாள். டாக்டரம்மா இடுக்கியை எடுத்து நீட்டியபோது அவள் கை நீட்டாமல் ஒன்று கேட்டாள். ஒவ்வொருத்தியையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கிள்ள வேண்டும், ஒருத்தி பார்த்த அளவு மற்றவளுக்குத் தெரியக் கூடாது என்றாள். வேலை இரட்டிப்பாகுமே என்றார் டாக்டரம்மா. ஆகட்டும் என்றாள். அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.

தையல்காரியின் கடைசி முறை வந்தபோது பையன் பெஞ்சைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தான். என் பேத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். புட்டி முழுசாக நின்றுவிடவில்லை, ஒன்றாகக் குறைந்திருந்தது. தையல்காரி உள்ளே போனாள். திரைக்கு இந்தப் பக்கம் எடை பார்க்கிற பெண், அந்தப் பக்கம் மருமகள். யாரிடம் முதலில் போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவள் நின்று யோசித்தாள். பிறகு அந்தப் பக்கம் போய், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கிள்ளறதுன்னா ஒழுங்காக் கிள்ளுங்க" என்றாள். "தடவிக் குடுத்து அனுப்பாதீங்க."

மருமகள் புள்ளி வைத்தாள். கட்டைவிரலை ஊன்றினாள். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"வலிக்குதா?"

"வலிக்குது. விட்டுடாதீங்க, முள்ளு நிக்கட்டும்."